மனசு வைத்தால் முடியாதா? பெரியவர்களிடம் இருக்கும் ஏடிஎச்டி

ஒரு கட்டணம் கட்ட நாளை கடைசி நாள். கணக்கில் பணம் இருக்கிறது. கைப்பேசியில் இரண்டு நிமிட வேலை. காலையில் பல் துலக்கும்போது ஞாபகம் வருகிறது, மதியம் ஒருமுறை வருகிறது, இரவு விளக்கை அணைத்த பிறகும் வருகிறது. ஆனால் கட்டவில்லை. நான்கு நாள் கழித்து அபராதத்தோடு கட்டும்போது, "இந்தச் சின்ன வேலைகூட என்னால் ஏன் முடியவில்லை?" என்று மனம் குமைகிறது.

எல்லோருக்கும் எப்போதாவது நடப்பதுதான் இது. சிலருக்கு மட்டும் வாரம் தவறாமல் நடக்கிறது. பள்ளியில் வீட்டுப்பாட நோட்டு, கல்லூரியில் விண்ணப்பப் படிவம், வேலையில் அறிக்கை, வீட்டில் கட்டணம் என்று பொருள் மாறுகிறதே தவிர கதை மாறுவதில்லை. இவர்களுக்கு ஊரும் உறவும் சொல்லும் அறிவுரையும் மாறுவதில்லை: "மனசு வைத்தால் முடியாதது உண்டா?" அவர்கள் மனசு வைக்காமல் இல்லை. பல நேரம் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வைக்கிறார்கள். மனசு வைப்பதற்கும் கை வேலையைத் தொடங்குவதற்கும் நடுவில் மூளை செய்துதர வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அதுதான் இவர்களுக்கு ஒழுங்காக நடப்பதில்லை. அந்த நிலையைத்தான் ஏடிஎச்டி என்கிறோம்.

பெயரில் இருக்கும் சிக்கல்

தமிழில் இதைக் கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பெயர் உறுத்துகிறது. கவனக்குறைவு என்பது நம் மொழியில் ஏற்கெனவே ஒரு குற்றச்சாட்டு. "ஓட்டுநரின் கவனக்குறைவால் விபத்து" என்று செய்தித்தாளில் படிக்கும்போது நாம் புரிந்துகொள்வது அலட்சியம் என்பதைத்தான். சிறுவயது முழுக்க அலட்சியக்காரன், பொறுப்பில்லாதவள் என்று திட்டு வாங்கிய ஒருவர் மருத்துவரிடம் போனால், நோயின் பெயரும் அதையே சொல்வது போலக் கேட்கிறது. அதனால் இங்கே ஏடிஎச்டி என்றே எழுதுகிறேன்.

பெயர் இன்னொரு விதத்திலும் உண்மையைச் சொல்லவில்லை. இவர்களிடம் கவனம் குறைவாக இல்லை. பிடித்த விஷயம் ஒன்று கிடைத்துவிட்டால் பசி, தூக்கம் மறந்து ஆறு மணி நேரம் அதிலேயே மூழ்கிக் கிடப்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் இதைப் பார்த்துத்தான், "இதுக்கு மட்டும் கவனம் வருதே, படிக்க மட்டும் வராதா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலில்தான் இந்த நிலையின் சூட்சுமமும் இருக்கிறது. பெரும்பாலானவர்களின் மூளை, ஒரு வேலை முக்கியமானது என்று தெரிந்தாலே ஓரளவு நகர்ந்துவிடும். ஏடிஎச்டி உள்ள மூளைக்கு முக்கியம் என்ற ஒன்று மட்டும் போதுவதில்லை. அந்த வேலை சுவாரசியமாக இருக்க வேண்டும், புதிதாக இருக்க வேண்டும், அல்லது கழுத்துக்குக் கத்தி வந்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் தொடாத வேலையைக் கடைசி இரவில் உட்கார்ந்து முடிக்க இவர்களால் முடிவது இதனால்தான். மாடு பலமாகத்தான் இருக்கிறது, மூக்கணாங்கயிறுதான் கையில் நிற்பதில்லை.

இந்தத் துறையில் நெடுங்காலம் உழைத்த அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி, இதைத் தன்னைத்தானே நெறிப்படுத்திக்கொள்ளும் திறனில் ஏற்படும் கோளாறாகப் பார்க்கச் சொல்கிறார். என்ன செய்ய வேண்டும் என்று தெரியாதது இங்கே பிரச்சினை அல்ல, தெரிந்ததைச் செய்ய வேண்டிய நேரத்தில் செய்ய முடியாததே பிரச்சினை என்பது அவருடைய வாதம். நான் படித்த விளக்கங்களில் இதுதான் விஷயத்துக்கு மிக அருகில் வருகிறது. எப்படிப் பட்டியல் போடுவது, எப்படிச் சீக்கிரம் கிளம்புவது என்று இவர்களுக்கு வகுப்பெடுப்பதில் அதிகப் பயன் இல்லாமல் போவதற்கும் இதுவே காரணம். அவையெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

வளர்ந்தவர்களிடம் எப்படி இருக்கும்?

ஏடிஎச்டி என்றதும் நாற்காலியில் உட்காராமல் ஓடும் ஏழு வயதுச் சிறுவன்தான் பலர் மனதிலும் வருகிறான். வயது ஏறும்போது அந்த ஓட்டம் உள்ளே போய்விடுகிறது. வெளியே அமைதியாகக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார், உள்ளே ஒரு மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். கால் ஆடும், பேனாவைத் தட்டுவார், ஓய்வு நாளில் சும்மா இருக்க முடியாமல் தவிப்பார்.

ஆரவாரம் இல்லாத அறிகுறிகள்தான் பெரியவர்களின் வாழ்க்கையை அதிகம் அரிக்கின்றன. ஒரு பக்கத்தைப் படித்து முடித்ததும் எதுவும் மனதில் இல்லை என்று தெரிந்து மறுபடி மேலிருந்து தொடங்குவது. எதிரில் இருப்பவர் பேசும்போது பாதியில் எங்கோ போய்விட்டு, கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டுவது. ஓர் அறைக்குள் போய், எதற்கு வந்தோம் என்று நிற்பது. எழுதத் தொடங்கி நிறுத்திய ஏழு மின்னஞ்சல்கள். சாவி, கண்ணாடி, பணப்பை என்று தினமும் ஒரு தேடல்.

நேரத்தோடு இவர்களுக்கு இருக்கும் உறவும் வித்தியாசமானது. இவர்களில் பலர் சொல்வது, உலகில் இரண்டே நேரங்கள் உண்டு, ஒன்று "இப்போது", இன்னொன்று "இப்போது இல்லை". அடுத்த மாதம் முடிக்க வேண்டிய வேலை "இப்போது இல்லை" என்ற மூட்டைக்குள் கிடக்கும். அது திடீரென்று "இப்போது" ஆகும்போது பூகம்பம் வரும். குளித்துக் கிளம்பப் பத்து நிமிடம் போதும் என்று உண்மையாகவே நம்புவார்கள். ஒவ்வொரு முறையும் நாற்பது நிமிடம் ஆனாலும், மறுநாள் கணக்கு பத்து நிமிடத்திலிருந்தே தொடங்கும்.

அப்புறம் அவசரம். மற்றவர் முடிக்கும் முன்னே பதில் சொல்லிவிடுவது, வரிசையில் நிற்க முடியாதது, யோசிக்காமல் வாங்குவது, ஒரு கோபத்தில் வேலையை விடுவது. உணர்ச்சி சட்டென்று பொங்கி அதே வேகத்தில் அடங்குவதும் பலரிடம் உண்டு. உணர்ச்சிக் கொந்தளிப்பு கண்டறிதலுக்கான அதிகாரப்பூர்வ அறிகுறிப் பட்டியலில் இல்லை. ஆனால் திருமணத்தையும் நட்பையும் அதிகம் உரசுவது அதுவாகத்தான் இருக்கிறது.

எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி பரம்பரை. இரட்டையர்களை வைத்துச் செய்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, ஒருவருக்கொருவர் இருக்கும் வேறுபாட்டில் ஏறத்தாழ 70 முதல் 80 சதவீதம் மரபணுக்களால் விளக்கப்படுகிறது. ஒரே ஒரு மரபணு அல்ல, சிறுசிறு பங்களிப்பு செய்யும் ஏராளமான மரபணுக்கள். குறைப்பிரசவம், பிறக்கும்போது குறைந்த எடை, சிறுவயதில் ஈயத்தின் பாதிப்பு போன்றவை ஆபத்தைக் கூட்டுகின்றன. வளர்ப்பு சரியில்லாததாலோ, இனிப்பு அதிகம் தின்றதாலோ, கைப்பேசியாலோ இது உருவாவதில்லை. குழந்தையை மருத்துவரிடம் கூட்டிப்போன அம்மாவோ அப்பாவோ, அங்கே கேட்கப்படும் கேள்விகளைக் கேட்டு, "இது என் கதை அல்லவா!" என்று திகைப்பது அடிக்கடி நடக்கிறது.

மூளையில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடல்தான் திட்டமிடுவது, தன்னைக் கட்டுப்படுத்துவது, எதை முதலில் செய்வது என்று தீர்மானிப்பது ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிறது. அது ஒழுங்காக வேலை செய்ய டோபமின், நாரட்ரீனலின் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் சரியான அளவில் வேண்டும். ஏடிஎச்டியில் இந்த ஏற்பாட்டில் வேறுபாடு இருக்கிறது. 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மூளையின் மேற்புறணி தன் உச்சத் தடிமனை அடையும் வயதைக் கணக்கிட்டது. மற்றக் குழந்தைகளுக்கு அது சுமார் ஏழரை வயது, ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு பத்தரை. அதாவது, அதே பாதையில்தான் வளர்கிறது, மூன்று ஆண்டு பின்னால் வருகிறது. ஆனால் இவையெல்லாம் நூற்றுக்கணக்கானோரின் சராசரியில் தெரிபவை. தனி ஒருவரின் ஸ்கேனைப் பார்த்து இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிகிறது?

இது நேற்று முளைத்த நாகரிகம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரிக்டன் 1798இலேயே, எதிலும் மனம் நிலைக்காமல் தவிக்கும் நிலையைத் தன் நூலில் விவரித்திருக்கிறார். 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவில் குறையில்லாத, ஆனால் தம்மைக் கட்டுப்படுத்த முடியாத குழந்தைகளைப் பற்றித் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார்.

அதன் பிறகு மருத்துவ உலகம் இதைக் குழந்தைகளின் பிரச்சினையாகவே பார்த்தது. மனநல மருத்துவர்கள் பரவலாகப் பின்பற்றும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்மின் 1968ஆம் ஆண்டுப் பதிப்பு, இந்த நடத்தை வழக்கமாக வளரிளம் பருவத்தில் தணிந்துவிடும் என்றே எழுதியது. 1980இல்தான் ஓட்டத்தைவிடக் கவனத்தை மையமாக வைத்துப் பெயர் மாறியது. பெரியவர்களுக்கு என்று தனி அளவுகோல் வந்தது 2013இல்தான். அதற்கு முன் வளர்ந்து ஆளான தலைமுறைகளைப் பற்றி யோசித்துப் பாருங்கள். தமக்கு என்ன என்று தெரியாமலே, தம் குணம் சரியில்லை என்ற முடிவோடு வாழ்ந்திருக்கிறார்கள். இதை எழுதும்போதும் எனக்கு அது வலிக்கிறது.

வளர்ந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துக் கணிக்கிறார்கள். குழந்தையில் இருந்தது வளர்ந்தபின் போய்விடுமா என்ற கேள்விக்கு 2022இல் ஒரு நல்ல விடை வந்தது. சிறுவயதில் ஏடிஎச்டி கண்டறியப்பட்டவர்களை சுமார் 25 வயது வரை பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வில், நிலையாகக் குணமடைந்தவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர் மட்டுமே. பெரும்பாலானவர்களுக்கு அது சில ஆண்டுகள் அடங்கி, பிறகு திரும்பி வந்தது. "நடுவில் நன்றாகத்தானே இருந்தாய்" என்று ஒருவரைச் சந்தேகிக்கும் முன் இதை நினைவில் வைக்கலாம்.

தாமதத்துக்கு வாழ்க்கைச் சூழலும் காரணம். புத்திசாலிக் குழந்தை கடைசி நேரப் படிப்பிலேயே தேறிவிடும். வீட்டில் ஒருவர் எழுப்பி, சாப்பாடு வைத்து, பையை எடுத்துக் கொடுத்தால் குறை வெளியே தெரியாது. அந்த முட்டுக்கொடுப்பு விலகும் நாளில்தான் கூரை சரிகிறது. வீட்டை விட்டுத் தனியே தங்கும்போது, பதவி உயர்ந்து பத்துப் பேரின் வேலையையும் பார்க்க வேண்டி வரும்போது, குழந்தை பிறக்கும்போது.

பெண்கள் விஷயத்தில் இன்னும் மோசம். ஓடியாடும் பையனை ஆசிரியர் உடனே கவனிக்கிறார், ஜன்னலைப் பார்த்துக் கனவு காணும் பெண் யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. அவள் மற்றவர்களுக்குத் தெரியாமல் இரண்டு மடங்கு உழைத்துச் சமாளிக்கக் கற்றுக்கொள்கிறாள். முப்பது நாற்பது வயதில் சோர்ந்து மருத்துவரிடம் போகும்போது முதலில் எழுதப்படுவது மனச்சோர்வு, மனப்பதற்றம். அவை இருப்பதும் உண்மைதான், ஆனால் அடியில் இருப்பதை யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை.

கண்டறிவது எப்படி?

ரத்தப் பரிசோதனை கிடையாது. கணினியில் பொத்தானை அழுத்தும் சோதனைகள் துணைக்கு வரலாம், தீர்ப்புச் சொல்லாது. இது கதை கேட்டுக் கண்டறிய வேண்டிய நிலை. இதில் பயிற்சி பெற்ற மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ உங்கள் வாழ்க்கையைப் பால்யத்திலிருந்து இன்றுவரை பொறுமையாகக் கேட்க வேண்டும். பத்து நிமிடத்தில் "இருக்கிறது" என்றாலும் "இல்லை" என்றாலும் நான் அதை நம்ப மாட்டேன்.

முதல் படியாகப் பயன்படும் ஒரு கேள்வித்தாள் உண்டு. உலகச் சுகாதார அமைப்போடு சேர்ந்து உருவாக்கிய அதில் மொத்தம் 18 கேள்விகள், முதல் சல்லடைக்கு 6 போதும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, நீங்களே நிரப்பலாம். ஆனால் அது சல்லடை மட்டும்தான். தூக்கம் கெட்டவர், துக்கத்தில் இருப்பவர், தைராய்டு குறைந்தவர் எல்லோரும் அதில் மாட்டுவார்கள்.

மருத்துவர் பார்க்கும் அளவுகோலைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அதில் ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. கவனம் சார்ந்து ஒன்பது அறிகுறிகள், ஓட்டமும் அவசரமும் சார்ந்து ஒன்பது. 17 வயதைத் தொட்டவர்களுக்கு ஏதாவது ஒரு பட்டியலில் குறைந்தது ஐந்து அறிகுறிகள், ஆறு மாதமாவது இருக்க வேண்டும். குழந்தைகளுக்கு ஆறு அறிகுறிகள் வேண்டும். வயது கூடும்போது வெளித் தோற்றம் குறைவதால்தான் இந்தச் சலுகை. வீடு, வேலை, நட்பு என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். அலுவலகத்தில் மட்டும் கவனம் சிதறினால் அந்த அலுவலகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வாழ்க்கையில் உண்மையான சேதம் இருக்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். முன்பு இதை 7 வயது என்று வைத்திருந்தார்கள், 2013இல் உயர்த்தினார்கள்.

இந்தப் பன்னிரண்டு வயது நிபந்தனை பலரைத் தடுமாற வைக்கிறது. நாற்பது வயதில் யாருக்கு ஒன்பது வயது ஞாபகம் இருக்கும்? அதனால் போகும்போது பழைய பள்ளி மதிப்பெண் அட்டைகள் இருந்தால் எடுத்துப் போங்கள். மதிப்பெண்ணைவிட ஓரத்தில் ஆசிரியர் எழுதிய குறிப்புகள் பயன்படும். "திறமை உண்டு, ஆனால் கவனம் போதாது" என்று நான்கு வகுப்புகளில் நான்கு ஆசிரியர்கள் எழுதியிருந்தால் அது ஒரு சாட்சி. அம்மா, அப்பா, அண்ணன், அக்கா என்று சிறுவயதில் உடனிருந்த ஒருவரை அழைத்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது. தம் கஷ்டங்களை இவர்களே குறைத்துச் சொல்வதும் உண்டு. கணவனோ மனைவியோ சொல்லும்போதுதான் முழுப் படம் வரும்.

ஏடிஎச்டி போலவே தோற்றம் தரும் வேறு நிலைகளைப் பிரித்துப் பார்ப்பதுதான் நல்ல மருத்துவரின் வேலையில் பெரும்பகுதி. மனச்சோர்விலும் கவனம் போகும், ஆனால் அது ஒரு காலத்தில் தொடங்கியிருக்கும், அதற்கு முன் அந்த நபர் வேறு மாதிரி இருந்திருப்பார். இருமுனைக் கோளாறில் வேகமும் அவசரமும் சில நாள், சில வாரம் என்று அலையாக வந்து போகும். ஏடிஎச்டி அலை அல்ல, சிறுவயதிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சீரான நீரோட்டம். இரவில் குறட்டையும் மூச்சுத் தடையும் இருந்தால் பகலில் யாருக்கும் மூளை மந்தமாகத்தான் இருக்கும். தைராய்டு, ரத்தசோகை, மது, போதைப்பொருள், மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்கள் என்று பலவற்றையும் பார்க்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், "இதுவா அதுவா" என்ற கேள்விக்கு விடை பல நேரம் "இரண்டும்". ஏடிஎச்டி உள்ள பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மனப்பதற்றமோ மனச்சோர்வோ வேறொன்றோ சேர்ந்தே இருக்கிறது.

வீடியோ பார்த்துச் சந்தேகம் வந்து போகிறவர்களைச் சில மருத்துவர்கள் ஏளனமாகப் பார்ப்பதாகக் கேள்விப்படுகிறேன். அது தவறு. சந்தேகம் எங்கிருந்து வந்தாலும் விசாரிக்கத் தகுதியானதே. ஆனால் வீடியோவோடு நின்றுவிடுவதும் தவறு. 2022இல் வெளியான ஒரு கனடா ஆய்வு, டிக்டாக்கில் அதிகம் பார்க்கப்பட்ட 100 ஏடிஎச்டி வீடியோக்களை எடுத்து ஆராய்ந்தது. அவற்றில் ஏறத்தாழ பாதி தவறான தகவலைத் தந்தன.

மருந்து

ஏடிஎச்டிக்குப் பெரும்பாலும் கொடுப்பது மூளையைத் தூண்டும் ஊக்கி மருந்து. பரபரப்பான மனதுக்கு ஊக்கி மருந்தா என்று கேட்பவர்கள் பலர். வரலாறே இந்த வியப்பில்தான் தொடங்கியது. 1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், தன் மருத்துவமனைக் குழந்தைகளின் தலைவலிக்கு உதவும் என்று ஆம்ஃபெட்டமின் வகை ஊக்கி மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் பல குழந்தைகள் அமைதியாக உட்கார்ந்து பாடத்தில் ஈடுபடத் தொடங்கின. 1944இல் லியாண்ட்ரோ பானிசான் என்ற வேதியியலாளர் இன்னோர் ஊக்கி மருந்தான மெத்தில்ஃபெனிடேட்டை உருவாக்கினார். அதற்கு வைத்த ரிட்டலின் என்ற வணிகப் பெயர், அவர் மனைவியின் செல்லப் பெயரான ரீட்டாவிலிருந்து வந்தது.

வேலை செய்யும் விதம் புதிரானதல்ல. நரம்புச் செல்கள் வெளியிட்ட டோபமினும் நாரட்ரீனலினும் சீக்கிரம் திரும்ப உறிஞ்சப்படாமல் இந்த மருந்துகள் தடுக்கின்றன. ஆம்ஃபெட்டமின் வகை அவற்றின் வெளியீட்டையும் கூட்டுகிறது. முன்மடலுக்குத் தேவையான அளவு கிடைப்பதால், அது மற்றப் பகுதிகளை அடக்கி நடத்த முடிகிறது. பரபரப்பை மருந்து மழுங்கடிப்பதில்லை, கடிவாளம் பிடிக்கும் கைக்குத்தான் பலம் கொடுக்கிறது.

2018இல் 133 மருந்துச் சோதனைகளை ஒன்றாக ஒப்பிட்ட ஆய்வு, பெரியவர்களுக்கு ஆம்ஃபெட்டமின் வகையையும் குழந்தைகளுக்கு மெத்தில்ஃபெனிடேட்டையும் முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு பிரிட்டனின் வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு லிஸ்டெக்ஸ்ஆம்ஃபெட்டமின், மெத்தில்ஃபெனிடேட் இரண்டில் ஒன்றில் தொடங்கச் சொன்னது. எல்லா நாட்டிலும் எல்லாம் கிடைப்பதில்லை, ஆம்ஃபெட்டமின் வகைக்குப் பல நாடுகளில் அனுமதியே இல்லை. வெளிநாடு போகிறவர்கள் மாத்திரையை எடுத்துப்போகும் முன் அந்நாட்டுச் சட்டத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இந்த மருந்துகள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கும். குறுகிய காலம் செயல்படுபவை நான்கு மணி நேரம் போலவும், நீண்ட நேர வகைகள் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரமும் நிற்கும். குறைந்த அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்லக் கூட்டி, எந்த அளவில் நன்மை அதிகம், தொல்லை குறைவு என்று தேடிப் பிடிக்க வேண்டும். உடல் எடையை வைத்துக் கணக்கிட்டுச் சொல்லிவிட முடியாது. முதல் மருந்து ஒத்துவராவிட்டால் மனம் தளர வேண்டாம், இரண்டாவது பலருக்கு ஒத்துவருகிறது. பசி குறைவது, தூக்கம் தள்ளிப்போவது, வாய் உலர்வது, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சற்றுக் கூடுவது ஆகியவை அடிக்கடி வரும் பக்கவிளைவுகள். அதனால் தொடங்கும் முன்பும் தொடரும்போதும் அழுத்தமும் துடிப்பும் பார்க்க வேண்டும். இதய நோய், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம், இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு ஆகியவை இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். கருத்தரிக்கத் திட்டமிடுகிறவர்களும் அப்படியே.

அடிமையாகிவிடுவோமா என்ற பயத்தைச் சும்மா தள்ளிவிடக் கூடாது. இவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள், தவறாகப் பயன்படுத்தினால் ஆபத்துதான். ஆனால் மருத்துவர் சொன்ன அளவில் வாயால் உட்கொள்ளும்போது மூளையில் அளவு மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது. போதைக்காக எடுக்கும்போது நடப்பது வேறு. சிகிச்சை பெறுவது பிற்காலப் போதைப் பழக்கத்தைக் கூட்டுவதாக நீண்டகால ஆய்வுகள் காட்டவில்லை. மறுபக்கம், சிகிச்சை இல்லாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. 2014இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், ஏடிஎச்டி உள்ள ஆண்கள் மருந்து எடுத்துக்கொண்ட காலங்களில் அவர்களின் கடுமையான வாகன விபத்துகள் பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தன. நண்பரின் மாத்திரையை வாங்கிப் போட்டுப் பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஊக்கி மருந்து சேராதவர்களுக்கு அட்டமாக்சிடின் இருக்கிறது. 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதில் போதைக்கு இடமில்லை, நாள் முழுவதும் செயல்படும், ஆனால் முழுப் பலன் தெரிய ஆறு வாரம்கூட ஆகலாம். பத்து நாளில் பயனில்லை என்று நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். சில மருத்துவர்கள் குவான்ஃபசின், பூப்ரோபியான் போன்றவற்றையும் சூழ்நிலை பார்த்துக் கொடுப்பதுண்டு.

மாத்திரைக்கு வெளியே

மாத்திரை உங்கள் கட்டணத்தைக் கட்டாது. கட்ட உட்காரும்போது எழுந்து போகாமல் இருக்க உதவும், அவ்வளவுதான். முப்பது ஆண்டுகளாகக் கைவராத பழக்கங்களைத் தனியாகத்தான் உருவாக்க வேண்டும். அதற்கு ஏடிஎச்டிக்கென்றே வடிவமைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை உதவுகிறது. மருந்து எடுத்தும் அறிகுறிகள் மீந்திருந்த பெரியவர்களிடம் 2010இல் நடந்த ஒரு சோதனையில், தளர்வுப் பயிற்சி பெற்றவர்களைவிட இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் தெளிவாக முன்னேறினார்கள்.

அதில் சொல்லித் தருபவை கேட்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கும். ஐந்து இடங்களில் குறித்து வைக்காமல் ஒரே நாட்காட்டி, ஒரே பட்டியல். "வரிக் கணக்கு முடி" என்று எழுதாமல் "நீல உறையை மேசையில் எடுத்து வை" என்று எழுதுவது. வேலை நடுவில் வேறொன்று நினைவுக்கு வந்தால் அதன் பின்னால் ஓடாமல், பக்கத்தில் உள்ள தாளில் குறித்துவிட்டுத் திரும்புவது. கூடவே, "நான் உருப்படாதவன்" என்று இத்தனை வருடம் கேட்டுக்கேட்டுப் பதிந்துபோன எண்ணத்தை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பது. என் பார்வையில் இந்தக் கடைசி வேலைதான் மிகக் கடினம், பலன் அதிகம் தருவதும் அதுதான்.

ஞாபகத்தையும் மன உறுதியையும் நம்பாமல், சூழலை மாற்றுவதுதான் பொதுவான தந்திரம். கட்டணங்களைத் தானாகக் கழியும்படி செய்துவிடுவது. கண்ணில் படாதது மனதிலும் இல்லை என்பதால், முக்கியமானதைக் கதவருகே திறந்த தட்டில் வைப்பது. ஓடும் நேரம் கண்ணுக்குத் தெரிகிற கடிகாரம். தூக்கத்தைச் சரிசெய்வது தனி அக்கறையோடு பார்க்க வேண்டியது, ஏனென்றால் இவர்களில் பலருக்கு உடலின் கடிகாரமே தாமதமாக ஓடுகிறது. உடற்பயிற்சியும் ஓரளவு கைகொடுக்கிறது.

நாற்பது வயதில் பெயர் தெரிந்ததும் முதலில் வருவது நிம்மதி. கொஞ்ச நாளில் துக்கமும் வரும். இருபது வயதிலேயே தெரிந்திருந்தால் எந்தப் படிப்பை முடித்திருப்பேன், எந்த உறவைக் காப்பாற்றியிருப்பேன் என்று கணக்குப் போடத் தொடங்குவார்கள். அந்தத் துக்கத்துக்கு நேரம் கொடுக்க வேண்டும், மருத்துவரிடமும் சொல்ல வேண்டும்.

உடன் வாழ்கிறவர்களுக்கும் இது எளிதல்ல. மறதியை அன்பின்மையாக எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் புண்பட்டிருப்பார்கள், அந்தப் புண்ணும் உண்மையானது. முடிந்தால் ஒரு சந்திப்புக்காவது இருவரும் சேர்ந்து போங்கள். வீட்டில் ஐந்து வேலைகளை ஒரே மூச்சில் வாயால் சொல்வதைவிட, ஒன்றை எழுதிக் கொடுத்து, அது முடிந்ததும் அடுத்ததைக் கொடுத்தால் வேலை நடக்கும். இன்னொன்று, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது. பேச வேண்டாம், மேற்பார்வையும் வேண்டாம். நீங்கள் உங்கள் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, மூன்று வாரமாகப் பிரிக்காத அந்த உறையை அவர் பிரித்துவிடுவார்.